நாளைக்கு யாரைக் கேட்பது?

2030ஆம் ஆண்டளவில் இலங்கையின் டிஜிட்டல் பொருளாதாரத்தை 15 பில்லியன் டொலர் அளவுக்கு வளர்ப்பது இன்றைய அரசாங்கத்தின் இலக்கு. அந்தப் பேச்சு கொழும்பிலிருந்து வடக்குக்கு வந்து சேரும்போது ஒரு பயிற்சி நெறியாகச் சுருங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மதில்களில் ஒட்டப்படும், முகநூலில் சுற்றும் விளம்பரங்களைப் பாருங்கள். மூன்று மாதத்தில் ரியக்ட், ஆறு மாதத்தில் ஜாங்கோ, முடித்தால் சான்றிதழ். படித்து முடித்த பிள்ளை எழுதும் மென்பொருளை யார் வாங்குவார்கள் என்பதை மட்டும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

வாங்கக்கூடியவர்கள் வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், தொலைபேசி நிறுவனங்கள், பல்பொருள் அங்காடிகள், ஏற்றுமதி நிறுவனங்கள். அதாவது பெரியவர்கள். ஒரு பெரிய நிறுவனம் தன் வேலைகளை எந்தப் பிரேம்வேர்க்கின் மேல் கட்டுவது என்று எப்படி முடிவு செய்கிறது, அதைச் சம்மதிக்க வைப்பது எது என்ற கேள்வியின் பின்னால் சில மாதங்களாக அலைந்தேன். கணினித்துறையில் இருப்பவர்களுக்கு இது பழைய கதை. வேலை தேடும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் எங்கள் ஊர்களில் சிறிய நிறுவனங்களைத் தொடங்கியிருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிரேம்வேர்க் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இயங்கும் எந்த மென்பொருளுக்கும் பொதுவான வேலைகள் சில இருக்கின்றன. உள்ளே வருபவர் யாரென்று அடையாளம் காண்பது, தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுப்பது, படிவத்தை வாங்கிச் சரிபார்ப்பது, பக்கத்தைத் திரையில் காட்டுவது போன்றவை. இவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதாமல், ஏற்கெனவே எழுதிப் பரிசோதித்து வைத்த ஒரு தொகுதியின் மேல் எங்களுக்கு வேண்டியதை மட்டும் கட்டிக்கொள்ளலாம். அந்தத் தொகுதிதான் பிரேம்வேர்க். வீட்டுத்திட்டம் கிடைத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கதவை வேறு பக்கம் வைக்கலாம், கூரையைப் பிறகு மாற்றலாம், ஆனால் போட்ட அத்திவாரத்தை மாற்ற முடியாது. அடுத்த கட்டக் காசு வராமல் அத்திவாரத்தோடு புல் முளைத்து நின்ற வீடுகளை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். பெரிய நிறுவனங்களின் தயக்கமும் இந்த வகைப் பயம்தான். இன்று போடும் அத்திவாரத்தின் மேல் பத்து, பதினைந்து வருடம் கட்டிக்கொண்டே போக வேண்டும்.

ஆகவே எது வேகமானது, எது அழகானது, எதில் குறைந்த வரிகளில் எழுதலாம் என்று பொறியியலாளர்கள் மேசையில் அடித்துப் பேசுவதெல்லாம் பாதிக் கதைதான். மீதிக் கதை தெரிய 2017இல் நடந்த ஒரு சண்டையைப் பார்க்க வேண்டும்.

ரியக்ட் பேஸ்புக் நிறுவனத்துக்குள் உருவானது. இணையப் பக்கத்தில் பயனர் பார்க்கும் பகுதியைக் கட்டுவதற்கானது. அதைச் செய்தவர்கள் அதைப் பிரேம்வேர்க் என்று சொல்ல மாட்டார்கள், நூலகம் என்பார்கள். நடைமுறையில் அதன் மேல் முழு மென்பொருளையே கட்டுகிறார்கள் என்பதால் அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. 2013இல் அதைத் திறமூலமாக, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். 2014 ஒக்டோபரில் அதன் உரிமத்தை மாற்றி, ஆக்கவுரிமை பற்றிய ஒரு பத்தியைச் சேர்த்தார்கள். அதன் சாரம் இதுதான்: ரியக்டைப் பயன்படுத்தும் நீங்கள் எப்போதாவது பேஸ்புக்குக்கு எதிராக ஆக்கவுரிமை வழக்கொன்றைத் தொடுத்தால், ரியக்ட் தொடர்பான ஆக்கவுரிமைகளை உங்களுக்கு விட்டுத்தந்த அனுமதி அந்த நிமிடமே முடிந்துவிடும். வழக்குக்கும் ரியக்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

சாதாரண பொறியியலாளர் இந்தப் பத்தியை வாசிப்பதேயில்லை. பெரிய நிறுவனத்தின் சட்டத்தரணி அதைத்தான் முதலில் வாசிப்பார். எங்களிடம் சொந்தக் கண்டுபிடிப்புகள் இருக்கின்றன, நாளை பேஸ்புக் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் நாங்கள் நீதிமன்றம் போகலாமா, போனால் எங்கள் இணையத்தளத்தின் அத்திவாரத்துக்கு என்ன நடக்கும் என்று அவர் கேட்பார். மென்பொருளின் தரத்துக்கும் இந்தக் கேள்விக்கும் ஒட்டு உறவு கிடையாது. ஆனால் கேள்வி நியாயமானது.

2017 ஜூலையில் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை இந்த உரிமம் கொண்ட எதையும் தன் செயற்றிட்டங்களில் சேர்க்கக்கூடாது என்று அறிவித்தது. அடிப்படையில்லாத ஆக்கவுரிமை வழக்குகளிலிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவே அந்தப் பத்தி இருக்கிறது, அதை மாற்றப்போவதில்லை என்று ஓகஸ்டில் பேஸ்புக் பதில் சொன்னது. அடுத்த மாதம் வேர்ட்பிரஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மட் முல்லன்வெக், ரியக்டைக் கைவிட்டு வேறொன்றுக்கு மாறப்போவதாக எழுதினார். அப்போது உலகின் இணையத்தளங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸில் இயங்கிக்கொண்டிருந்தன. ரியக்ட் தரமற்றது என்று அவர் சொல்லவில்லை. வேர்ட்பிரஸை நம்பியிருக்கும் இலட்சக்கணக்கானவர்களின் தலையில் இந்தச் சட்டச் சிக்கலைக் கட்டிவிட முடியாது என்பதுதான் அவருடைய வாதம். கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் பேஸ்புக் பின்வாங்கியது. செப்டெம்பர் கடைசியில் வந்த ரியக்ட் 16 அந்தப் பத்தி இல்லாத எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியானது. வேர்ட்பிரஸ் ரியக்டிலேயே தங்கியது.

இந்தச் சண்டை முழுவதும் நடந்தது உரிமத்தைப் பற்றி. ரியக்டின் தரம் அதில் பேசுபொருளே அல்ல. உலகத்திலேயே பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் ஒன்று, மிகச் சிறந்த பொறியியலாளர்களை வைத்துச் செய்த ஒரு பொருளை, ஒரு பத்தியை நீக்காமல் மற்றவர்களின் நம்பிக்கைக்குரியதாக்க முடியவில்லை.

இன்னொரு கதை எனக்கு நெருக்கமானது, ஏனென்றால் அது ஒரு செய்தி அறையில் தொடங்குகிறது. ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் இதை யாராவது எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தால் கணினி வகுப்பில் இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருப்பேன். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்றொரு நகரம். பல்கலைக்கழகம் ஒன்றும் லோரன்ஸ் ஜேர்னல் வேர்ல்ட் என்ற உள்ளூர்ப் பத்திரிகையும் அங்கே இருந்தன. அந்தப் பத்திரிகையின் இணையப் பிரிவில் 2003இல் வேலை செய்தவர்கள் ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும். ஹொலோவாட்டி இதழியல் படித்தவர். வில்லிசன் ஒரு வருடப் பயிற்சிக்காக இங்கிலாந்திலிருந்து வந்த மாணவர். ஆசிரியர் பீடம் காலையில் ஒன்றைக் கேட்கும், மாலைக்குள் அது இணையத்தில் நிற்க வேண்டும். அந்த அவசரத்துக்காகத் தாங்கள் திரும்பத் திரும்ப எழுதியவற்றைச் சேர்த்து ஒரு தொகுதியாக்கினார்கள். 2005 ஜூலையில் அதை ஜாங்கோ என்ற பெயரில் வெளியே விட்டார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிற்றார் கலைஞரின் பெயர் அது.

ஜாங்கோவை முதலில் எடுத்துக்கொண்டவர்களில் பலர் செய்தியாளர்கள். ஹொலோவாட்டி வொஷிங்டன் போஸ்டின் இணையப் பிரிவுக்குப் போனபோது அதுவும் கூடவே போனது. அரசியல்வாதிகளின் கூற்றுகளைச் சரிபார்த்து 2009இல் புலிட்சர் பரிசு பெற்ற பொலிட்டிபக்ட் தளம் ஜாங்கோவில் கட்டப்பட்டது. அதே ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கோவைகள் இலட்சக்கணக்கான பக்கங்களாக வெளிவந்தபோது, வாசகர்களே அவற்றை வாசித்துக் குறிப்பிடும்படி ஒரு தளத்தை கார்டியன் பத்திரிகை ஜாங்கோவில் செய்தது. ஒரு வாரத்துக்குள் செய்த வேலை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகர்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். எங்களுடைய ஆணைக்குழுக்களின் முன் குவிந்து கிடக்கும் முறைப்பாடுகளை நினைத்துக்கொண்டுதான் அதைப் பற்றிப் படித்தேன்.

ஒரு சிறிய நகரப் பத்திரிகையில் பிறந்த கருவி பெரிய நிறுவனத்துக்குள் போன வழி இன்னும் சுவாரசியமானது. கெவின் சிஸ்ட்ரோமும் மைக் கிரீகரும் 2010 ஒக்டோபரில் இன்ஸ்டகிராமைத் தொடங்கியபோது ஜாங்கோவின் மேல் கட்டினார்கள். அப்போது அது பெரிய நிறுவனம் இல்லை. 2012 ஏப்ரலில் பேஸ்புக் அதை ஒரு பில்லியன் டொலருக்கு வாங்கியபோது அங்கே வேலை செய்தவர்கள் 13 பேர்தான், பயனர்கள் ஏறத்தாழ மூன்று கோடி. பேஸ்புக்கின் சொந்த வீடு பி.எச்.பி. மொழியில் கட்டப்பட்டது. வாங்கிய பிறகு எல்லாவற்றையும் உடைத்துத் தங்கள் முறைக்கு மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. பல வருடங்கள் கழித்தும் இன்ஸ்டகிராம் ஜாங்கோவிலேயே ஓடியது. இங்கே எந்தப் பணிப்பாளர் சபையையும் யாரும் சம்மதிக்க வைக்கவில்லை. நிறுவனம் சிறியதாக இருக்கும்போது கருவி உள்ளே போய்விட்டது, பிறகு நிறுவனம் பெருத்துவிட்டது. அதன் பின்னர், உலகின் எந்த வங்கியிலும் ஜாங்கோவைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் சொல்வது இன்ஸ்டகிராமின் பெயரைத்தான். பெரியவர்களுக்கு முன்னால் போன ஒரு பெரியவர் வேண்டும்.

அதற்காக, இன்ஸ்டகிராம் பெயர் மட்டும் வேலை செய்தது என்று சொல்ல முடியாது. ஜாங்கோவின் பின்னால் சலிப்பூட்டும் சில விடயங்கள் இருக்கின்றன, எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன. 2008இல் ஒரு இலாப நோக்கமற்ற அறக்கட்டளையை அமைத்து ஜாங்கோவின் பெயரையும் உரிமையையும் அதற்குக் கொடுத்தார்கள். அதனால் பிறந்த பத்திரிகை மூடப்பட்டாலும் கருவி சாகாது. புதிய பதிப்பு ஏறத்தாழ எட்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட சில பதிப்புகளுக்கு மூன்று வருடம் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். பிழை ஒன்றைக் கண்டால் யாருக்கு இரகசியமாக அறிவிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வந்த முறைப்பாடுகளைத் தினமும் பார்ப்பதற்குச் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கிறார்கள். வங்கியின் இடர் முகாமையாளர் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் மூச்சுவிடுவார். அவருக்கு நாட்காட்டி வேண்டும், கூப்பிட ஒரு ஆள் வேண்டும்.

இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ரூபி ஒன் ரெயில்ஸ் 2004இல் வந்தது, சின்ன நிறுவனங்கள் அதைக் கொண்டாடின. ட்விட்டர் அதில்தான் தொடங்கியது. கூட்டம் அதிகமாக அதிகமாக ட்விட்டர் அடிக்கடி விழுந்தது, கொஞ்சம் கொஞ்சமாக வேறு தொழில்நுட்பங்களுக்கு மாறியது. ரெயில்ஸ் பெரிய சுமையைத் தாங்காது என்ற கதை அன்று கட்டப்பட்டது. ஷொப்பிபையும் கிற்ஹப்பும் அதே ரெயில்ஸில் உலகளவில் வளர்ந்த பிறகும் அந்தக் கதை முழுதாகச் சாகவில்லை. 2022இல் அந்த இரண்டும் உட்பட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ரெயில்ஸுக்கு ஓர் அறக்கட்டளையை உருவாக்கின. ஜாங்கோ செய்து 14 வருடம் கழித்து.

பெரிய பெயர் பின்னால் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் கூகுளின் அங்கியூலரைப் பார்க்கலாம். 2014இல் அதன் அடுத்த பதிப்பைக் கூகுள் அறிமுகப்படுத்தியபோது, பழையதில் எழுதியவர்கள் புதியதுக்கு நேரடியாக ஏறிக்கொள்ள வழியில்லை என்பது தெரிந்தது. பழைய பதிப்பில் பெருந்தொகையான பக்கங்களை எழுதி வைத்திருந்த நிறுவனங்கள் திகைத்தன. பழையதற்கான ஆதரவு 2021 டிசெம்பர் 31இல் முடிந்தது. ஏழு வருட அவகாசம் என்பது எனக்குத் தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒருமுறை அப்படிச் சுடுபட்ட முகாமையாளர் அடுத்த கூட்டத்தில் என்ன கேட்பார் என்று ஊகிக்கலாம்.

எல்லாவற்றிலும் கசப்பான பாடம் ஈக்விபக்ஸ். அமெரிக்காவில் மக்களின் கடன் வரலாற்றைச் சேகரித்து வைத்திருக்கும் பெரிய நிறுவனம் அது. அதன் மென்பொருளில் ஒரு பகுதி அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற பிரேம்வேர்க்கில் கட்டப்பட்டிருந்தது. 2017 மார்ச் மாதம் ஸ்ட்ரட்ஸில் ஒரு பாரதூரமான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. தன்னார்வலர்கள் அதை அடைத்துத் திருத்தத்தையும் வெளியிட்டுவிட்டார்கள். ஈக்விபக்ஸுக்குள்ளும் திருத்தத்தைப் போடும்படி மின்னஞ்சல் சுற்றியது. போட வேண்டிய ஓர் இடத்தில் யாரும் போடவில்லை. மே மாத நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை திருடர்கள் உள்ளே இருந்தார்கள். 14 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்கள் போயின. தலைமை அதிகாரி பதவி விலகினார், 2019இல் அமெரிக்க அதிகாரிகளோடு செய்த இணக்கத்தின்படி நட்டஈடு 70 கோடி டொலர் வரை போகலாம் என்றானது. திறமூல மென்பொருளை நம்பினால் இப்படித்தான் நடக்கும் என்று அன்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது நேர்மையான வாதமாகத் தெரியவில்லை. இலவசமாக வேலை செய்தவர்கள் தங்கள் பங்கை நேரத்துக்குச் செய்தார்கள். காசு வாங்கியவர்கள்தான் செய்யவில்லை.

இதை அமெரிக்கக் கதை என்று ஒதுக்க முடியாது. 2023இல் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை கப்பம் கேட்கும் நிரலால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ ஐயாயிரம் அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டின் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் பதிப்பு. இது பிரேம்வேர்க் இல்லை, இலவசமானதும் இல்லை. ஆனால் நோய் ஒன்றுதான். வாங்கும் நாளில் எல்லோரும் படத்துக்கு நிற்பார்கள், ஐந்தாம் வருடம் புதுப்பிக்க வேண்டிய நாளில் ஒருவரும் இல்லை.

இலங்கையிலிருந்து உலகின் பெரிய நிறுவனங்களைச் சம்மதிக்க வைத்த ஒரு கதையும் இருக்கிறது. அதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு. 2003இல் சஞ்சீவ வீரவர்ணவும் மற்றவர்களும் கொழும்பில் லங்கா மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் வேலை செய்தவர். அறக்கட்டளையில் இருந்த இளைஞர்கள் அப்பாச்சியின் செயற்றிட்டங்களுக்கு, குறிப்பாக அக்ஸிஸ்2 என்ற இணையச் சேவைத் தொகுதிக்கு, எழுதத் தொடங்கினார்கள். 2004 டிசெம்பர் சுனாமிக்குப் பிறகு சில வாரங்களில் காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவுசெய்ய சகானா என்ற மென்பொருளைச் செய்ததும் இந்த வட்டத்துத் தன்னார்வலர்கள்தான். பிறகு அது பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் ஹெயிற்றி பூகம்பத்துக்கும் பயன்பட்டது.

2005இல் வீரவர்ண மற்ற இருவருடன் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தைத் தொடங்கினார். அது செய்வது இணையப் பக்கம் கட்டும் பிரேம்வேர்க் அல்ல, நிறுவனங்களின் வெவ்வேறு மென்பொருட்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் இடைநிலை மென்பொருள். ஆனால் விற்பனைச் சிக்கல் அதேதான். கொழும்பில் இருக்கும், பெயர் தெரியாத ஒரு நிறுவனத்தை அமெரிக்காவின் ஈபே ஏன் நம்ப வேண்டும்? டபிள்யூ.எஸ்.ஓ.2 மூல நிரலைத் திறந்து வைத்தது, யாரும் வாசித்துப் பார்க்கலாம். உரிமம் அப்பாச்சியினுடையது, சட்டத்தரணிகளுக்கு ஏற்கெனவே பழக்கமானது. பொருளுக்குக் காசு இல்லை, ஆதரவுக்குக் காசு, அதாவது நாளைக்குக் கூப்பிட்டால் வருவதற்கான காசு. அங்கே வேலை செய்தவர்களின் திறமைக்கு அப்பாச்சியின் பகிரங்கப் பதிவேடுகளில் அவர்கள் எழுதிய வரிகளே சாட்சி. ஈபே தன் தளத்தில் ஒரு நாளைக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்களை அதன் ஊடாகச் செலுத்துமளவுக்குப் போனது. 2024இல் 60 கோடி டொலருக்கும் மேற்பட்ட பெறுமதியில் ஈ.க்யூ.ரி. என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்குவதாக அறிவிக்கப்பட்டது.

அதே வருடங்களில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லங்கா மென்பொருள் அறக்கட்டளை தொடங்கியபோது ஏ9 வீதி திறந்து ஒரு வருடம் சொச்சம். டபிள்யூ.எஸ்.ஓ.2 தொடங்கி அடுத்த வருடம், 2006 ஓகஸ்டில், ஏ9 திரும்ப மூடப்பட்டது. குடாநாட்டில் மா வாங்கவும் சீனி வாங்கவும் வரிசையில் நின்ற காலம். வன்னியில் அடுத்த மூன்று வருடங்கள் எப்படிப் போயின என்று இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாழ் ஐ.ரி. ஹப் போன்ற முயற்சிகள் அதற்குப் பிறகுதான் தொடங்க முடிந்தது. கொழும்பு நிறுவனங்களின் கேள்விமனுக்களில் இத்தனை வருட அனுபவம், இத்தனை வருடக் கணக்காய்வு அறிக்கை, இதே போன்ற மூன்று வாடிக்கையாளர்களின் கடிதம் என்று கேட்கும்போது, அந்த நிபந்தனைகளை எழுதியவர் யாரையும் ஒதுக்க நினைத்திருக்க மாட்டார். ஆனால் எந்த வருடங்களில் யாருக்கு அனுபவம் சேர வாய்த்தது என்பதை அந்தத் தாள் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய நிறுவனத்தை எனக்குத் தெரியும். ஜாங்கோவில் நன்றாக வேலை செய்கிறார்கள். கடந்த வருடம் கொழும்பில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர் முகாமைத்துவ மென்பொருளுக்கு விலை கொடுத்து, கடைசி இருவரில் ஒருவராக வந்து, தோற்றார்கள். என்ன நடந்தது என்று அந்தக் குழுவில் மூத்தவனைக் கேட்டேன்.

“அக்கா, அவை நாங்கள் செய்ததைப் பெரிசாப் பார்க்கேல்லை. நல்லா இருக்கு எண்டு சொல்லிட்டினம். ஒரே கேள்விதான். உங்கட ஆக்கள் கனடாவுக்குப் போனா நாளைக்கு நாங்கள் யாரைக் கேக்கிறது?”

அவனுக்கு அது அவமானமாக இருந்தது. எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. கொழும்பு நிறுவனங்களின் ஆட்கள் வெளிநாடு போவதில்லையா? 2022 நெருக்கடிக்குப் பிறகு அங்கேயிருந்து போனவர்களை யாரால் எண்ண முடியும்? ஆனால் ஆறு பேர் உள்ள இடத்தில் ஒருவர் போவதும் அறுநூறு பேர் உள்ள இடத்தில் ஒருவர் போவதும் ஒன்றில்லை. அந்தக் குழுவிலிருந்து அதற்கு முந்தைய வருடம் ஒருவர் போயும் இருக்கிறார். கேட்டவருக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் கருவியின் தேர்வு வியாபாரத்தோடு சேர்கிறது என்பது என் எண்ணம். ஒரு சிறிய நிறுவனம் தானே கண்டுபிடித்த முறையில், தனக்கு மட்டும் விளங்கும்படி எழுதிக் கொடுத்தால், வாங்குபவர் அந்த ஆறு பேரின் கடவுச்சீட்டுகளை நம்ப வேண்டும். ஜாங்கோவிலோ ரெயில்ஸிலோ, உலகமெல்லாம் தெரிந்த முறையில், ஆவணத்தோடு எழுதிக் கொடுத்தால் அந்த நம்பிக்கையின் பெரும்பங்கை ஓர் அறக்கட்டளை சுமக்கிறது. இவர்கள் போனால் கொழும்பிலோ சென்னையிலோ இன்னொருவர் திறந்து பார்த்து வேலையைத் தொடரலாம். அதை வாங்குபவரின் முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் பிள்ளைகள் தயங்குகிறார்கள். எங்களை விட்டால் வேறு ஆளில்லை என்று காட்டினால்தான் வேலை நிலைக்கும் என்று நினைக்கிறார்கள். பெரிய நிறுவனத்தின் காதில் அது மிரட்டலாகத்தான் விழும்.

பயிற்சி நெறி நடத்துகிறவர்களிடமும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. புதிய மென்பொருள் ஒன்றைப் பூச்சியத்திலிருந்து கட்டக் கற்பிக்கிறார்கள். மற்றவர் எழுதியதை வாசிக்க, பழைய பதிப்பைப் புதியதற்கு உயர்த்த, பாதுகாப்பு அறிவித்தல் வந்த அன்றைக்கே என்ன செய்வதென்று, விட்டுப்போகும்போது கையளிப்புக் குறிப்பு எழுத நான் பார்த்த எந்தப் பாடத்திட்டத்திலும் இடமில்லை. ஈக்விபக்ஸில் இல்லாமற்போனது இதுதான். திறமூலச் செயற்றிட்டங்களில் பங்களிப்பதையும் யாரும் வேலையாக மதிப்பதில்லை. டபிள்யூ.எஸ்.ஓ.2இன் ஆட்களுக்குக் கதவைத் திறந்தது அந்தப் பகிரங்கப் பதிவேடு. அதில் பெயர் ஏறுவதற்கு எந்த அமைச்சரின் கடிதமும் வேண்டாம், எந்த ஊர் என்றும் கேட்க மாட்டார்கள். எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஜாங்கோவின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, அந்த மொழிபெயர்ப்பைப் பார்த்துக்கொள்பவர்கள் தன்னார்வலர்கள்.

எங்கள் பக்கத்திலேயே வாங்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள். கூட்டுறவுச் சங்கங்கள், தனியார் வைத்தியசாலைகள், புலம்பெயர்ந்தவர்கள் முதலிட்ட வியாபாரங்கள், ஏன், பெரிய கோயில்கள்கூட. இவர்களில் பலர் மென்பொருள் வாங்கக் கொழும்புக்கோ இந்தியாவுக்கோ போகிறார்கள். உள்ளூர்ப் பெடியள் விட்டிட்டுப் போயிடுவாங்கள் என்று கொழும்புக்காரர் சொன்னதையே இவர்களும் சொல்கிறார்கள். கனடாவில் இருந்துகொண்டு இதைச் சொல்பவரையும் சந்தித்திருக்கிறேன்.

அந்த ஆறு பேரும் இப்போது தங்கள் விலைமனுவில் ஒரு பக்கத்தைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் இல்லாவிட்டால் என்பது அதன் தலைப்பு. எந்தப் பதிப்பில் எழுதப்பட்டது, அதற்கான ஆதரவு எந்த மாதம் முடிகிறது, அடுத்த பதிப்புக்கு உயர்த்த எத்தனை நாள் வேலை, மூல நிரல் யாரிடம் இருக்கும், யாழ்ப்பாணத்தில் இருக்கும் இன்னும் இரண்டு சிறிய நிறுவனங்களில் யார் இதைப் பொறுப்பெடுக்கச் சம்மதித்துக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த இரண்டு நிறுவனங்களும் அவர்களுடைய போட்டியாளர்கள். கையெழுத்து வாங்க மூன்று மாதம் பிடித்ததாம். தோற்ற இடத்துக்கே திரும்பவும் அனுப்பினார்கள். முழு மென்பொருளும் கிடைக்கவில்லை. ஒரு பிரிவின் விடுமுறை விண்ணப்பங்களை மட்டும் ஆறு மாதத்துக்கு நடத்திக் காட்டும்படி சொல்லியிருக்கிறார்கள். காசு குறைவுதான், வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது.